வெள்ளைச் சிமென்ட் பூசி மறைத்த கழிவறைக் கசிவு

அனுப்புநர்
சிப்பம் கட்டும் பிரிவுத் தொழிலாளி,
7ஆம் எண் வீடு, முதல் மாடி,
தொழிலாளர் குடியிருப்பு.

பெறுநர்
பராமரிப்புப் பொறியாளர் அவர்கள்,
குடியிருப்பு அலுவலகம்.

பொருள்: கழிவறைக் கோப்பையின் அடியில் கசிவு – கீழ்வீட்டு மேற்கூரை இடியும் நிலை – இன்றே மாற்றித் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குளியலறையில் உள்ள கழிவறைக் கோப்பை நான்கு மாதங்களாகக் கசிகிறது. தண்ணீர் விடும்போதெல்லாம் அது தரையோடு சேரும் இடத்தில் ஊறி வந்தது. அப்போதே தங்களிடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

2. கடையில் வெள்ளைச் சிமென்ட் வாங்கிக் கோப்பையைச் சுற்றி நானே பூசினேன். தரை காய்ந்தது. என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். வெளியே வர வழியில்லாத தண்ணீர் தளத்துக்குள் இறங்கியிருக்கிறது. கீழே 3ஆம் எண் வீட்டு அக்கா தம் குளியலறை மேற்கூரை உப்பியிருப்பதைக் காட்டியபோதுதான் எனக்கு அது உறைத்தது. "பழைய கட்டடம்க்கா, மழை ஈரமா இருக்கும்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

3. காரணம், பழுது பார்க்க ஆள் வந்தால் கூடவே மேற்பார்வையாளரும் பதிவேட்டோடு வந்து வீட்டில் தலைகளை எண்ணுவது நம் குடியிருப்பு வழக்கம். என் தங்கை கைக்குழந்தையோடு ஐந்து மாதமாக அனுமதியின்றி எங்களுடன் இருக்கிறாள். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

4. திங்கட்கிழமை காலை கீழே காரை பெயர்ந்து விழுந்து வாளி உடைந்தது. அக்காவின் ஆறு வயது மகள் அப்போதுதான் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். மேலே துருப்பிடித்த கம்பி தெரிகிறது. அன்றிலிருந்து நாங்கள் எங்கள் கழிவறையில் கால் வைக்கவில்லை; ஆலை வாசல் பொதுக் கழிப்பறைக்குத்தான் போகிறோம். "உக்காந்தபடியே கீழ்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துடுவோம்" என்று தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5. நாங்கள் தண்ணீர் விடாததால் கீழே சொட்டுவது நின்றுவிட்டது. ஈரம் காய்ந்துவிட்டது என்று நம்பி, நாளை முதல் மகளை மறுபடி அங்கேயே குளிப்பாட்டப் போவதாக அக்கா இன்று படிக்கட்டில் சொன்னார். கேட்டதும் மேலே ஓடி வந்து அவசரத்தில் இதை எழுதுகிறேன். எழுத்து கோணியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும்.

ஆகவே ஐயா, இன்றே ஆள் அனுப்பி, கீழே மேற்கூரைக்கு முட்டுக் கொடுத்து, கோப்பையைக் கழற்றிப் புதிதாகப் பொருத்தித் தர வேண்டுகிறேன். தலைகளை எண்ணிக்கொள்ளுங்கள். தங்கை போயே ஆகவேண்டும் என்றால் ஒரு மாதம் அவகாசம் தாருங்கள். அந்த முடிவுக்காக இந்த வேலையை மட்டும் தள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

நாள்: 14, வியாழக்கிழமை
இடம்: தொழிலாளர் குடியிருப்பு

தவறை ஒப்புக்கொண்டு,
(கையொப்பம்)
7ஆம் எண் வீட்டுக்காரி

குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகு இதைக் கீழே கொண்டுபோய் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் குளியலறையைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்; அதை இத்துடன் இணைத்துள்ளேன். "தெரிஞ்சுதான் மழைன்னு சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். நான் சாவியோடு மேலே வந்து இந்தக் குறிப்பை எழுதினேன்.