பால்பண்ணைக்காரர் சுட்ட பாலில்லாத பிஸ்கட்

ஹேசல் ஹாலோ, வெர்மான்ட்
அக்டோபர் 27

அன்பு மகள் கொலெட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பாய். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. உன் அம்மாவின் முழங்கால் தேவலை, மறுபடியும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள். மேப்பிள் இலைகள் போன வாரக் காற்றில் மொத்தமாக உதிர்ந்துவிட்டன. கூரையில் ஏறி மழைநீர்க் குழாயிலிருந்து சருகை அள்ளியது நான்தான். எனக்கு அறுபத்தாறு வயது என்று உன் அம்மா கீழே நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி நினைவூட்டினாள்.

ஆகஸ்டில் நீ அவளுக்குப் போட்ட அஞ்சலட்டையை நானும் படித்தேன். பாலும் முட்டையும் வெண்ணெயும் நானாக விட்டவை, இப்போது டாக்டர் தானியமும் கூடாது என்கிறார், அதனால் நவம்பர் நன்றித் திருநாள் விருந்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம், அந்த வீட்டில் நான் சாப்பிட ஒன்றும் இருக்காது என்று எழுதியிருந்தாய். அட்டையைத் தொழுவத்துக்கு எடுத்துப் போய் இரண்டு தடவை படித்தேன். பிறகு உள்ளே வந்து, இவளுக்கு ஏதாவது செய்துவைக்க முடியாதா என்று உன் அம்மாவைக் கேட்டேன். அவள் குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வாயால அவளை அனுப்பினது நீ. கையால கூப்பிட வேண்டியதும் நீதான். நான் ஒரு கரண்டிகூடத் தொட மாட்டேன்."

சொன்னபடியே தொடவுமில்லை. நான்தான் நூலகத்துக்குப் போய், அங்கே வேலை பார்க்கிற பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் இலையுதிர் காலத்துக்கென்றே ஒரு பிஸ்கட் இருக்கிறது என்று பாதாம் மாவும் பூசணிக்காயும் சேர்க்கிற ஒரு குறிப்பை அச்செடுத்துக் கொடுத்தாள். நாற்பது வருடம் மாடு பார்த்தவனுக்கு ஒரு பிஸ்கட் என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

முதல் தடவை பூசணியை வேகவைத்து மசித்து அப்படியே போட்டுவிட்டேன். தண்ணீர் அதிகம். ஓவனிலிருந்து வெளியே வந்தது, தொழுவத்தில் நான் தினமும் வழிக்கிற ஒன்றின் வடிவத்தில் இருந்தது. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, பழகின வேலையாத்தான் செஞ்சிருக்கே என்றாள். இரண்டாம் தடவை தேன் ஊற்றினேன். தேனீயிடமிருந்து எடுத்ததையும் உங்கள் மகள் சாப்பிட மாட்டாள் என்று நூலகப் பெண் சொன்னாள். அந்தத் தட்டு முழுவதையும் நானே தின்றேன். மூன்றாம் தடவை, மாவு இறுகட்டும் என்று கொஞ்சம் ஓட்ஸ் சேர்த்தேன். ஓட்ஸ் தானியமில்லாமல் மீனா என்று உன் அம்மா கேட்டாள். ஓட்ஸ் பொட்டலத்தை மறுபடி அலமாரியில் வைத்தேன்.

முட்டை இல்லாமல் மாவு எப்படிச் சேர்ந்து நிற்கும் என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. ஆளி விதையை அரைத்துத் தண்ணீரில் ஊறவையுங்கள் என்று குறிப்பில் இருந்தது. கன்றுகளின் மேனி பளபளக்கட்டும் என்று காலமெல்லாம் தீவனத்தில் போடுகிறேனே, அதே விதை. கால் மணி நேரத்தில் வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. நெடுநேரம் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது தடவை சரியாக வந்தது. பூசணி விழுதைச் சட்டியில் கிளறிக் கிளறித் தண்ணீர் வற்றவைத்தேன். நம் மரங்களில் எடுத்த மேப்பிள் பாகு, தேங்காய் எண்ணெய், பட்டை, இஞ்சிப் பொடி, துளி கிராம்பு. சுட்டதும் தொடக் கூடாது, தட்டிலேயே ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் உடைந்துவிடும். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. உன் அம்மா ஒன்றைத் தின்றாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்தத் திமிரில் ஒரு தட்டை ஊர் மண்டபத்து அறுவடை விருந்துக்கும் எடுத்துப் போனேன். எதில் என்ன இருக்கிறது என்று சீட்டு எழுதி வைக்க வேண்டுமில்லையா? பாலில்லை, முட்டையில்லை, தானியமில்லை என்று எழுதி வைத்தேன். தீவனக்கடை ரேமண்ட் அதை உரக்கப் படித்தான்.

"ஏம்பா ஆர்மண்ட், மாடெல்லாம் சேர்ந்து உன்னை டைவர்ஸ் பண்ணிடுச்சா?"

மண்டபமே சிரித்தது, நானும் சிரித்தேன்.

பள்ளி பஸ் ஓட்டுகிற லோர்னாவை உனக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு வருடமும் ஆப்பிள் சாறு மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். நம் ஊர்ச் சாப்பாடு அவளுக்கு மட்டம் என்று எல்லோரும் பேசிக்கொள்வோம், நானும் பேசியிருக்கிறேன். அவள் வந்து சீட்டைப் படித்தாள். மறுபடி படித்தாள். இதில் நிஜமாகவே கோதுமை இல்லையா, வெண்ணெய் இல்லையா என்று மெல்லக் கேட்டாள். இல்லை, நானே செய்தேன் என்றேன். ஒன்றை எடுத்து நின்றபடியே தின்றாள். நான்கு தின்றாள்.

"பதினோரு வருஷமா இந்த விருந்துக்கு வர்றேன். இன்னிக்குத்தான் இங்க சாப்பிட்டிருக்கேன்," என்றாள்.

கொலெட், வீட்டுக்கு வண்டி ஓட்டி வரும்போது எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய். மூன்று வருடத்துக்கு முந்தைய நன்றித் திருநாள் விருந்தில், பீன்ஸிலாவது வெண்ணெய் போடாமல் வைத்திருக்கிறீர்களா என்று நீ கேட்டாய். நான் சிரித்தேன். அதற்குப் பிறகுதான், பாலுக்காகக் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரிப்பது பாவம் என்று நீ சொல்ல, சண்டையே வந்தது. பிடிக்கவில்லை என்றால் எழுந்து போ என்றேன், நீ போய்விட்டாய். இத்தனை நாளும் நான் மனதில் வைத்திருந்தது நீ பேசிய பேச்சை மட்டும்தான். பாஸ்டனிலிருந்து நாலு மணி நேரம் ஓட்டி வந்த பெண், என் மேஜையிலிருந்து பசியோடு எழுந்து போனாள் என்பது லோர்னா நாலாவது பிஸ்கட்டை எடுக்கிறவரை என் மண்டையில் ஏறவில்லை.

கன்றுகளைப் பற்றி நீ சொன்னதை முழுவதும் ஒப்புக்கொண்டேன் என்று பொய் எழுத மாட்டேன். நான் பால்காரன், முப்பத்துநாலு மாடு வைத்திருக்கிறேன், நாளைக் காலையிலும் கறப்பேன். விருந்தன்று மேஜையில் வான்கோழியும் இருக்கும். அதைப் பற்றி நாம் சண்டை போடலாம். சாப்பிட்ட பிறகு போடலாம்.

இத்துடன் ஒரு டப்பாவில் இருபத்துநாலு பிஸ்கட் அனுப்புகிறேன். புதிதாக வாங்கிய தட்டில் சுட்டது, அதில் வெண்ணெய் பட்டதே இல்லை. பாதாம் மாவு உனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடு. ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் எழுது, வேறு வழி பார்க்கிறேன். பூசணி சூப்பும் காளான் வறுவலும் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். சூப் பரவாயில்லை. காளானைப் பற்றி இப்போதைக்குக் கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். மெலிந்துவிட்டாய் என்று உன் போட்டோவைப் பார்த்து அம்மா சொன்னாள். நவம்பர் கடைசியில் நம் மலைச்சாலையில் பனி பிடித்திருக்கும். கிளம்பும் முன் பனி டயர் மாட்டிக்கொள், பகலிலேயே புறப்படு, பாலத்து வளைவில் மெதுவாக ஓட்டு. வராவிட்டால் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அதை எழுதவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், வயிறார இருக்க வேண்டும்.

என்றும் உன்
அப்பா ஆர்மண்ட்