பின்சுவரில் சிவப்புக் குறி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அடுக்குமாடி கட்டுவதற்காக இடிக்கப்போகும் வீடுகளில் சிவப்புக் குறி போடுகிறேன் அல்லவா, நேற்று ஒரு வேடிக்கை. பின்சந்து வழியே அதிகாரி கைகாட்டிய சுவர்களிலெல்லாம் போட்டுக்கொண்டே போனதில், நான் குடியிருக்கும் வீட்டுக்கும் போட்டுவிட்டேன். முன்வாசலை மட்டுமே பார்த்தவனுக்குப் பின்சுவர் அடையாளம் தெரியவில்லை.

நான் பார்ப்பது ஏதோ பெயிண்ட் வேலை என்றுதான் வீட்டுக்கார அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார்.

“எந்தப் பாவி போட்டானோ தம்பி, அவன் கை விளங்குமா?” என்றார். பிறகு எனக்குச் சோறு போட்டார்.

வேறு அறை பார்த்துக்கொள்வேன், கவலைப்படாதே. பதிலை ஆபீஸ் விலாசத்துக்கே போடு. பெயிண்ட் கறை எதைப் போட்டுத் தேய்த்தால் போகும் என்றும் எழுது. வலது கையில்தான் இருக்கிறது. சாப்பிடும்போது மறைக்க முடியவில்லை.

உன் மகன்