மாடிக்கடையில் வரையாத கால்

1962 ஜூன் 2, சனி. திண்டிவனம்

வெயில். கத்திரி முடிந்துவிட்டது என்கிறார்கள். கிணற்றுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

கான்வென்ட்டிலிருந்து சீட்டு வந்தது. ஸ்டெல்லாவுக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் உறுதி. 11ஆம் தேதி திறக்கிறார்கள். கொண்டுவர வேண்டியவை:

நீலப் பாவாடை 2 (தைத்தாயிற்று)
வெள்ளைச் சட்டை 2 (ஒன்றுக்குப் பொத்தான் பாக்கி)
சிலேட்டு, பலப்பம்
டிபன் டப்பா
கறுப்பு ஷூ, வெள்ளை ஸ்டாக்கிங்ஸ்

கடைசி வரியைப் படித்ததும் சீட்டை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒளித்து வைத்தால் இல்லாமல் போய்விடுமா.

ஸ்டெல்லாவின் இடது கால் வலதைவிட ஒரு விரற்கடை சின்னது. மெலிந்தும் போயிருக்கிறது. ஒன்றரை வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் விட்டுப்போன மிச்சம். நடக்கிறாள். ஒரு பக்கம் சாய்ந்து ஓடவும் செய்கிறாள். வெளியே போனால் வார் வைத்த செருப்பு, இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். ஷூவை எப்படி இழுத்துக் கட்டுவது.

இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "விழுப்புரத்துல உங்க மாடிக்கடை இருக்குதே, அங்க வாங்கிக்கினு வா" என்றார். மாடிக்கடை மூடி நாலு மாதம். அன்றைக்கு நான் சாப்பிடாமல் படுத்தது கூடவா ஞாபகமில்லை.

ஜூன் 4, திங்கள்

சின்னவனுக்குப் பல் வருகிறது. நாள் பூரா இடுப்பில். பொத்தான் தைக்கவில்லை. பருப்பு அடிப்பிடித்தது.

விழுப்புரத்துக்கு, அம்மாவுக்கு ஒரு கார்டு: மாடிக்கடை நாராயணன் அண்ணன் இப்போது எங்கே இருக்கிறார், விசாரித்து உடனே எழுதவும். நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். அதற்கு ஒரு மாதம் பேசுவாள்.

ஒரு கடை மூடியதற்கு இவ்வளவு எரிச்சலா என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் அது வெறும் கடையா.

போர்டில் வேறு ஏதோ பெயர். யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பஜாரில் அப்போது மாடி வைத்த கடை அது ஒன்றுதான். ரயில் மாற இரண்டு மணி நேரம் இருந்தால் வெளியூர்க்காரர்கள் சும்மாவாவது வந்து ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கீழே துணி, பாத்திரம், சோப்பு, சீப்பு. மரப்படி பதினெட்டு. மேலே குடை, டிரங்குப் பெட்டி, பொம்மை. கோடியில் செருப்பு. அங்கே நாராயணன் அண்ணன், முக்காலியில்.

பனமலைப் பக்கத்துக் குடியானவர்கள் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, கால் அளவுக்கு ஈர்க்குச்சி ஒடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார்கள். பஸ் நெரிசலில் அது பாதி ஒடிந்திருக்கும். "இது உங்க புள்ள காலா, கோழிக் காலா?" என்பார் அண்ணன். அதற்காகத்தான் அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். பிள்ளையை ஒரு தடவை கூட்டிவந்தால் போதும். பழுப்புக் காகிதத்தில் இரண்டு காலையும் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து, பெயர், ஊர், மாதம் எழுதி, ஊர்வாரியாகக் கட்டி வைத்துக்கொள்வார். அப்புறம் அப்பா தனியாக வந்து பெயரைச் சொன்னாலும் கட்டை அவிழ்த்துப் பார்த்து, இத்தனை மாதத்துக்கு இவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கூட்டிக் கொடுப்பார். தப்பியதில்லை. இரண்டு கால் இரண்டு அளவாக இருந்தால் இரண்டு ஜோடியைப் பிரித்துக் கொடுப்பார். வண்டிச் சக்கரத்தில் காலைக் கொடுத்த ஒருவருக்கு அப்படிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏன், எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்தக் கண்ணாடி. தரையில் சுவரோடு சாய்த்து வைத்தது. முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். அதில் யாருக்கும் முகம் கிடையாது. ஏழு வயதில் புது செருப்போடு அதன் முன்னால் குதித்துக்கொண்டே இருப்பேன், அப்பா போதும் என்று தூக்கிப் போகும்வரை.

சின்னவன் அழுகிறான்.

ஜூன் 5, செவ்வாய்

ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு இந்த ஊர் பஜார். ஷூ வைத்திருப்பது ஒரே கடை.

போன நேரம் சரியில்லை. இவர் ஆபீஸ் ஹெட் கிளார்க்கின் வீட்டம்மா, பெண்ணோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் கான்வென்ட்தானாம். பெண் இரண்டு காலையும் நீட்டி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஸ்டெல்லாவின் வலது காலை மட்டும் முன்னால் தள்ளினேன். கடைக்காரர் இன்னொரு காலையும் கேட்டார். இது போதும் என்றேன்.

"எல்லாரும் இப்படித்தாம்மா. ஒத்தக் காலுக்குப் பாத்துட்டு எடுத்துக்கினு போவீங்க. அப்பறம் கடிக்குதுன்னு எங்கிட்டயே வருவீங்க" என்றார்.

இரண்டு ஜோடி, வேறு வேறு அளவு. ஐந்து சொல். பி.ஏ. படித்த வாயில் ஐந்து சொல் வரவில்லை. ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பொத்தான் தைத்தாயிற்று. கோணல்.

ஜூன் 7, வியாழன்

இடது ஷூவில் பஞ்சு திணித்துப் பார்த்தேன். போதவில்லை. பழைய பனியன் துணியைச் சுருட்டி வைத்தேன். "மா, உள்ள யாரோ இருக்காங்க" என்கிறாள் ஸ்டெல்லா. நட என்றேன். நாலு தப்படி. கிணற்றடிக் கல்லில் விழுந்தாள். முட்டியில் தோல் போய்விட்டது. அழவில்லை. ஷூவைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அழுதிருந்தால் தேவலை.

சின்ன அளவு ஒரு ஜோடி வாங்கி வரச் சொல்லி இவரை அனுப்பினேன். அந்த அளவில் சிவப்புதான் இருக்கிறதாம். புல்லுக்கட்டு மாதிரி பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெறும் கையோடு திரும்பினார்.

பக்கத்து வீட்டு சரோஜா வந்து பார்த்துவிட்டு, கோயிலுக்கு வெள்ளியில் கால் செய்து போடுங்கள் என்றாள். வேளாங்கண்ணிக்குப் போட்டாயிற்று என்றேன்.

எழுதாமல் தள்ளிக்கொண்டே வருவதை எழுதிவிடுகிறேன். போன ஜூனில் ஸ்டெல்லாவை மாடிக்கடைக்கு அழைத்துப் போனேன். பாண்டிச்சேரி டாக்டர் தினமும் எண்ணெய் தேய்த்துக் காலை மடக்கி நீட்டச் சொல்லியிருந்தார். ஒரு வருடத்தில் இரண்டும் சமமாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். நாராயணன் அண்ணன் காகிதத்தை விரித்தார். வலது காலை மட்டும் வைக்கச் சொன்னேன். இடது காலை முந்தானையால் மூடிக்கொண்டேன். பிள்ளை சிணுங்குகிறாள், இதை அடுத்த தடவை வரைந்துகொள்ளலாம் என்றேன். சரி என்றார். அவளைக் கண்ணாடி முன்னால் நான் நிறுத்தவே இல்லை.

தையில் மலிவு விற்பனை என்று நோட்டீஸ் வந்தது. ஜூனுக்குள் கால் சரியாகிவிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று போகாமல் இருந்தேன். மூடிவிட்டார்கள். அந்த ஊரில் என்னிடம் எதையும் கேட்காத ஒரே இடம், அங்கேதான் நான் பொய் சொன்னேன்.

ஜூன் 9, சனி

அம்மா கடிதம். முக்கால்வாசி கோபம். கடைசி இரண்டு வரி: நாராயணன் இப்போது அரிசி மில்லில் இருக்கிறார், வீடு ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், வேப்ப மரத்து வீடு, ஞாயிறு இருப்பார்.

இவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "இந்த வருஷம் வேணாம் தெரசா. அடுத்த வருஷம் சேத்துக்கலாம். ஊட்ல நீயே சொல்லிக்குடு. நீதான் படிச்சவளாச்சே."

அடுத்த தடவை. அடுத்த வருஷம். எல்லோருமாகச் சேர்ந்து அந்தக் காலை எத்தனை நாள்தான் தள்ளிப் போடுவோம்.

நாளைக்கு நானும் ஸ்டெல்லாவும் விழுப்புரம் போகிறோம், சின்னவனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "பல்லு வருதே" என்றார். வரட்டும் என்றேன்.

ஜூன் 10, ஞாயிறு

முதல் பூசை முடித்து பஸ். கூட்டேரிப்பட்டில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டான். பக்கத்து சீட்டு அம்மாள் ஸ்டெல்லாவின் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறந்ததிலிருந்தா என்று கேட்டாள். காதில் விழாத மாதிரி வெளியே பார்த்தேன்.

மாடிக்கடை வாசல் வழியாகப் போனோம். போயிருக்கக் கூடாது. இப்போது அங்கே மல்லாட்டை மண்டி. வாசலெல்லாம் கடலைத் தோல், தூசி. மரப்படியைப் பிடுங்கிவிட்டார்கள். மேலே மூட்டையைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். செருப்புப் பக்கத்து ஜன்னல் வழியாக ஒரு மூட்டை உள்ளே போயிற்று. முதலாளியின் பிள்ளைகள் மெட்ராஸில் தங்கிவிட்டார்களாம். மண்டி ஆள் ஒருவன் சொன்னான்: "எல்லாரும் இங்க ஏறிப் பாத்துட்டு பட்டணத்துல போயி வாங்கிக்கினாங்க. பாக்கறதுக்கு மட்டும் ஒரு கட நடத்த முடியுமா?" அவன் என்னைச் சொல்லவில்லை. இருந்தும் சுருக்கென்றது.

வேப்ப மரத்து வீடு. நாராயணன் அண்ணன் இளைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும், "வா தெரசா பாப்பா" என்றார். ஸ்டெல்லாவைப் பார்த்து, "திண்டிவனத்துக்காரங்களும் வந்திருக்காங்களா, வாங்க" என்றார். ஐந்து வயதுக்கு மரியாதை.

கடைசி நாள் முதலாளி, வேண்டியதை எடுத்துக்கொள் என்றாராம். அவர் எடுத்தது இரண்டு. காகிதக் கட்டுகள், கண்ணாடி. கட்டுகள் பரணில். கண்ணாடி சுவரோரம், அங்கே இருந்த மாதிரியே தரையில். அவர் மனைவி, "மூஞ்சி பாக்க முடியாத கண்ணாடிய தூக்கிக்கினு வந்தாரு" என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

என்னுடைய பழைய காகிதம் இருக்கிறதா என்று கேட்டேன். செல்லரித்துப் போயிற்றாம்.

திண்டிவனம் கட்டை அவிழ்த்தார். ஸ்டெல்லா, ஜூன் 61. வலது கால் காகிதத்தின் ஓரமாக ஒதுங்கி நின்றது. இடது பக்கம் காலி. அந்தக் காலியில் பென்சிலால் பொடி எழுத்து: இடம் விட்டது.

"படி ஏறி வரும்போதே பாத்துட்டேன் பாப்பா. நீ முந்தானைய போட்டு மூடிக்கினே. நீயா காட்டட்டும்னு உட்டுட்டேன்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கேட்டிருக்கலாமே அண்ணே. கடை இருக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா மறுபடி வந்திருக்க மாட்டே."

அவர் கேட்காமல் விட்டும் நான் மறுபடி போகவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

காகிதத்தைத் தரையில் விரித்தார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். வை என்றேன். வைத்தாள். பென்சில் உள்ளங்கால் பக்கம் வளைந்தபோது கூச்சத்தில் சிரித்துக் கோட்டைக் கெடுத்துவிட்டாள். "அசையாம நில்லுங்க, இல்லன்னா யானைக் காலு ஆயிடும்" என்றார். மறுபடி வரைந்தார். ஒரே தாளில் இப்போது இரண்டும். பெரியது போன வருடத்தது, சின்னது இந்த வருடத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க எனக்கு ஏதோ போல் இருந்தது. வலதையும் புதிதாக வரைந்துகொண்டார், அந்தத் தாளின் பின்பக்கம். வேறு தாள் இல்லை. அதுதான் அவரிடம் இருந்த கடைசி இடம்.

கடைக்குத் தைத்துக் கொடுத்தவர் அடுத்த தெருவில்தான் இருக்கிறாராம். இடதுக்கு உள்ளே ஒரு தோல் கூட்டி வைத்தால் சாய்வும் கொஞ்சம் குறையும் என்றார். எப்போது கிடைக்கும்? வியாழன். பள்ளிக்கூடம் நாளைக்கு அண்ணே என்றேன். தோல் ஊற வேண்டும் பாப்பா என்றார். அன்றைக்கே காட்டியிருந்தால் எல்லாம் ஒரு வருடம் முன்னாலேயே ஊறியிருக்கும்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா கண்ணாடி முன்னால் வெறுங்காலோடு நின்றாள். வலது பாதத்தைத் தட்டி, "இது அக்கா" என்றாள். இடதைத் தட்டி, "இது தம்பி."

பஸ்ஸில் தூங்கிவிட்டாள். வீட்டில் சின்னவனுக்குப் பல் வெளியே வந்துவிட்டது. இவர்தான் முதலில் பார்த்தாராம். அதற்கு ஒரு பெருமை.

ஜூன் 11, திங்கள்

நாலு தூறல். புழுக்கம் அதிகமானதுதான் மிச்சம்.

வார் செருப்போடு அழைத்துப் போனேன். சொல்ல ஒரு பொய்யும் தயார்: காலில் கொப்புளம். கேட்டில் சிஸ்டர் ஒவ்வொரு பிள்ளையையும் தலையிலிருந்து கால்வரை பார்த்து உள்ளே விட்டார். எனக்கு முன்னால் ஹெட் கிளார்க் வீட்டம்மா. பெண்ணின் ஷூ பளபளவென்று.

"ஷூ எங்கம்மா?"

கொப்புளம் வாய்வரை வந்தது. ஸ்டெல்லா நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு காலும் ஒரே அளவு இல்ல சிஸ்டர். இடது சின்னது. விழுப்புரத்துல அளவு குடுத்துத் தெக்கச் சொல்லியிருக்கேன். வியாழக்கிழம கெடைக்கும்."

ஹெட் கிளார்க் வீட்டம்மா திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

"சரி, வெள்ளிக்கிழம போட்டுட்டு வரட்டும்" என்றார் சிஸ்டர். "மூணாவது வரிசைல உக்காரச் சொல்லுங்க."

இவ்வளவுதான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கேட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து சின்னவனைக் குளிப்பாட்டும்போது கத்திவிட்டேன். பாவம் அவன்.

மாலை. பலப்பம் முதல் நாளே தொலைந்துவிட்டது. ஒரு பெண் காலைப் பார்த்து ஏன் இப்படி என்று கேட்டதாம். நீ என்ன சொன்னாய் என்றேன், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "விழுப்புரத்துல வரைஞ்சி வெச்சிருக்காங்கன்னு சொன்னேன். அவளுது வரையலையாம்."

வியாழன் முதல் பஸ். சின்னவனையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அவன் காலையும் வரைந்து திண்டிவனம் கட்டோடு சேர்க்க. இரண்டு காலும். அண்ணனிடம் காகிதம் இல்லை. பஜாரில் மூன்று கடையில் கேட்டேன், அந்தப் பழுப்பு யாரிடமும் இல்லை.