நாம் கட்டாத வீடு

நைனா,

மன்னிக்க வேண்டும். நீங்கள் இருந்தபோது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், போன பிறகு மடல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலை சித்தப்பா ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். அவர் கூடத்துச் சுவரைக் கரண்டியால் சுரண்டினார். பழைய சுண்ணாம்பு வாசனை எழுந்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. இந்த ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்ட வீடு கட்டப் போகிறார்களாம். "பொண்ணு பி.ஏ. படிச்சிகீது. பாக்க வர்றவங்க இந்த வூட்ட பாத்தா இன்னா நினைப்பாங்க?" என்றார் சித்தப்பா. அம்மா தலையாட்டினாள். நான் காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கேளம்பாக்கத்தில் இந்த வீட்டைப் பாயிடம் நீங்கள் வாங்கியபோதும் சித்தப்பா இப்படித்தான் குதித்தார். "மனை வாங்கி கட்டு அண்ணாத்த. கட்ன வூட்ட வாங்கறது, அடுத்தவன் அவுத்துப் போட்ட வேட்டிய கட்டிக்கிற மாதிரி." உள்ளே வந்து என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னீர்கள்: "கட்டணும்னா கொத்தனாரு, ஆசாரி, செங்கல்காரன் அல்லார்கிட்டயும் பேசணும். வாங்கினா பாய்கிட்ட மட்டும் பேசினா போதும்."

அந்தக் காரணம் புரிந்தவள் நம் வீட்டில் நான் ஒருத்திதான்.

குடிபுகுந்த அன்று முதலில் உள்ளே நுழைய, பால்காரரிடமிருந்து ஒரு மாட்டைச் சித்தப்பா ஓட்டிவந்தார். "பழைய வூட்டுல மாடு நுழையாது பாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அது பாய் குடும்பம் முந்தின மாதம்தான் விற்ற மாடு என்பது அவருக்குத் தெரியாது. மாடு வாசலிலேயே கயிற்றை உருவிக்கொண்டு, ஐயரை ஒதுக்கித் தள்ளி, கூடத்தைக் கடந்து நேராகக் கொல்லைக்குப் போய்த் தன் பழைய இடத்தில் படுத்துவிட்டது. வைக்கோலுக்கும் எழவில்லை, அதட்டலுக்கும் எழவில்லை. அடுத்த தெருவுக்குக் குடிபோயிருந்த பாயின் மனைவியை அழைத்துவந்தோம். அவர் அதன் கழுத்தைத் தடவி, "எந்திரிம்மா. நாம வூட்ட வித்துட்டோம்" என்றார். அதன்பிறகுதான் எழுந்தது.

"இன்னா அண்ணாத்த, மாட்டோட சேத்து வாங்கிட்டியா?" என்றார் சித்தப்பா.

"அதுக்குப் புடிச்ச வூடு. நமக்கும் புடிக்கும்" என்றீர்கள். பத்துப் பேர் நடுவில் நீங்கள் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். கல்லூரியில் எழுந்து நிற்க வேண்டிய போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன், குரல் வந்துவிடும். இன்று காலையும் நினைத்தேன். வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஓடு பிரிக்க ஆள் வருகிறது. ஆகையால் கேட்கிறேன். அம்மா என் பேச்சைக் கேட்கமாட்டாள். கனவில் நீங்கள் சொன்னால் தட்டமாட்டாள். அதற்குள் ஒருமுறை அவள் கனவில் வந்து, வீடு இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். வந்து பார்த்துவிட்டு, அவள் ஏதோ வேலையாக இருக்கிறாள், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிப் போய்விடாதீர்கள்.