குனிந்தபடி நின்றது

பாப்பா அம்மாவுக்கு,

இங்கு நான் நலம். நீயும் பாப்பாவும் அம்மாவும் சௌக்கியம்தானே?

போன வாரம் குடோனில் ஒரு கூத்து. பெட்டி தூக்கக் குனிந்தவன், இடுப்பு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் வந்து, “என்னப்பா தொலைச்ச?” என்றார். வலி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “பேனா சார்” என்றேன். பாவம், அவரும் குனிந்து தேடினார்.

பயப்படாதே, இப்போது நடக்கிறேன். அறையில் கூட இருக்கும் டிரைவர்தான் ஷூ மாட்டிவிடுகிறார். “மாப்பிள்ளை மாதிரி கால நீட்டுங்கண்ணே” என்று சிரிக்கிறார். கடையில் வாங்கிய களிம்பு எரிகிறதே தவிர வலி போகவில்லை.

பாப்பா பிறந்த பிறகு நீ கட்டியிருந்த இடுப்பு பெல்ட் இருந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்பு. “பெருக்கச் சொன்னா மட்டும் உனக்கு இடுப்பு வலி வந்துரும்” என்று அம்மா முன்னால் கேலி செய்தேனே, அன்று நீ கட்டியிருந்த அதே பெல்ட்தான். நீ பெல்ட்டை இறுக்கிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாய்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. இன்னொன்று மட்டும். காலையில் படுக்கையைவிட்டு எழுவதற்குள் உயிர் போகிறது. நீ எந்தப் பக்கம் திரும்பி, எதைப் பிடித்து எழுவாய் என்று எழுது. நீ பெல்ட் கட்டியிருந்த அந்த ஒரு வருஷமும் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். ஒரு நாளும் பார்க்கவில்லை.

பாப்பா அப்பா