அக்கா, நம் ஏரியோரக் கழனிக்கு ஆள் வந்தது

என்னைத் திட்டாமல் ஒரு நாளும் சோற்றில் கை வைக்காத என் அக்காவுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இந்த வீட்டுக்கு நான் சின்ன மருமகளாக வந்த நாளிலிருந்து எனக்கு ஈடுகொடுத்துப் பேச நீ ஒருத்திதான் இருந்தாய். இப்போது யாரோடு சண்டை போடுவேன்? உன் கொழுந்தனிடம் பாதி சொல்வதற்குள் குறட்டை விடுகிறார். அந்த மனுஷனைப் பற்றிப் புலம்பவாவது நீ இருந்திருக்கலாம்.

சரி, சேதிக்கு வருகிறேன். பாகூர் ஏரியை ஒட்டி நாம் இரண்டு பேரும் சேற்றில் இறங்கி நட்டோமே, அந்தப் பள்ளக் கழனி, அதைக் கொம்யூன் பஞ்சாயத்து விலைக்குக் கேட்டது. பயிர் வைக்க இல்லை, கட்டடம் கட்டவும் இல்லை. தண்ணீரும் கோரையும் பறவைகளுமாக அப்படியே விட்டுவிடப் போகிறார்களாம். தட்டைத் தட்டித் தட்டி நாம் விரட்டிய நீர்க்கோழிகளுக்கு வந்த யோகத்தைப் பார்த்தாயா!

மனை போடுகிற புரோக்கரும் விடவில்லை. மண் கொட்டி மேடாக்கிக் கல் நடலாம், கொம்யூன் கொடுப்பதைவிடக் கூடவே தருகிறேன் என்று வந்து நின்றார். அங்கே மண் கொட்டினால் மழைத் தண்ணீர் எங்கே போகும், நம் தெருவுக்குத்தானே வரும்? கொம்யூனுக்கே கொடுப்பது என்று உன் கொழுந்தனும் நானும் முடிவு செய்தோம். ஆனால் பட்டா அண்ணன் தம்பி இருவர் பேரிலும் அல்லவா இருக்கிறது! உன் வீட்டுக்காரர், நம் மாமா, சம்மதிக்கவில்லை.

மாமாவுக்குக் காசு பெரிதில்லை, உனக்குத் தெரியும். "அவ பாடுபட்ட எடம். கோரை மண்டி அநாதையா கெடக்கணுமா? மனையாச்சும் ஆனா நாலு வூடு வரும்" என்றார். நீ இருந்திருந்தால் ஓர் அதட்டலில் முடித்திருப்பாய். எனக்கு அழுகைதான் வந்தது.

கொம்யூன் சார்பில் பேச வந்தது, மாஹேயிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு மலையாளப் பெண். நம் பேச்சை ஆசை ஆசையாகக் கற்றுக்கொள்கிறாள், பாதி தப்பாக. மாமா ஒவ்வொரு முறையும் அவளுக்குக் காபி கொடுத்தார், பதில் மட்டும் கொடுக்கவில்லை.

கடைசியில் எல்லோருமாகக் கழனிக்கே போனோம். மழைக்காலத்தில் இதெல்லாம் முழுகிவிடும் என்று உன் கொழுந்தன் கையைக் காட்டினார். அவள் மாமாவிடம் திரும்பி, "அப்போ வெயில் காலத்துல இது முழுகாம இருக்குமா ஐயா?" என்று கேட்டாள்.

நம் ஊரில் முழுகாமல் இருப்பதென்றால் கர்ப்பமாக இருப்பது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வியைக் கேட்டே உன்னை வதைத்தார்கள். கல்யாண வீட்டில் கேட்டார்கள், ரேஷன் கடையில் கேட்டார்கள், உனக்கு நரை விழும்வரை கேட்டார்கள். பிள்ளை இல்லாத உன் முகம் சுருங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். மாமாவும் பார்த்திருக்கிறார். அவரை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் விழித்தாள். மாமா கோரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நீர்க்கோழி தன் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஒதுங்கியது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கும்மா" என்றார். "மண்ணு கொட்டாம வுட்டீங்கன்னா, வருசா வருசம் முழுகாமத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார், அக்கா. நீ போனபிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தப் பெண்ணின் காதில் அர்த்தத்தைச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு மாமாவிடம் மன்னிப்புக் கேட்டாள், பாவம். மாமா அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வேலி போட்டாலும் தான் போய்வர ஒரு வழி வேண்டும். அவள் மேலதிகாரிகளிடம் பேசி, அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்தாள். போன வாரம் பத்திரம் பதிந்தாயிற்று.

நீ இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாயா? முதலில் என்னை நாலு திட்டு திட்டியிருப்பாய், அது நிச்சயம். அப்புறம்?

இப்போது மாமா விடிந்ததும் ஏரிப்பக்கம் போய்விடுகிறார். எங்கே போனீர்கள் என்று நேற்று கேட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "புள்ளைங்கள பாத்துட்டு வரேன்" என்றார்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. அவருக்கு நடக்க முடியாத காலம் வந்தால் நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். பிள்ளை இல்லாமல் போனாள் என்று இனி எவளாவது உன்னைச் சொல்லட்டும், அவளையும் இழுத்துக்கொண்டு போய் அந்த வரப்பில் நிறுத்துவேன்.

உன்னோடு மல்லுக்கட்டியே தங்கச்சியாகிப்போன
உன் ஓரகத்தி,
தனம்