பனியில் கொடி செல்லாது

புளியங்குறிச்சி,
விருத்தாசலம் வழி.
22-1-1973

மரியாதைக்குரிய ஸ்டேஷன் மாஸ்டர் அய்யா நூர் முகம்மது அவர்களுக்கு, உங்களிடம் போர்ட்டராக இருந்த கலியமூர்த்தியின் சம்சாரம் அமிர்தம் வணக்கத்துடன் எழுதுவது. நாகூரில் நீங்களும் ஜைத்தூன் பீவி அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நீங்கள் ரிட்டயராகிப் போன மறு வருஷமே நம்ம ஸ்டேஷனை மூடிவிட்டார்கள். பஸ் வந்த பிறகு டிக்கெட் வாங்க ஆளில்லை. பீங்கான் கம்பெனிக்குப் போகும் பொம்பளைகள் கூட்டத்தில் பிளாட்பாரத்தில் நிற்க இடம் இருக்காதே, அதெல்லாம் கனவாய்ப் போச்சு. கதவு, ஜன்னலைக் கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நம்ம ஜனங்கள்தான், வேறு யார்! இவரும் வேலையிலிருந்து நின்றார். ஒரு சிவப்புக் கொடியை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

போன ஐப்பசியில் மகள் அம்புஜவல்லிக்கு வலி எடுத்தது. ஓடையில் வெள்ளம், பஸ் இல்லை. பிள்ளை குறுக்கே கிடக்குது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். இவர் கொடியோடு போய்த் தண்டவாளத்தில் நின்றார். பாசஞ்சர் நின்றது. டிரைவர் திட்டிக்கொண்டே ஏற்றிக்கொண்டார். விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. ஊர் புகழ்ந்ததில் இவருக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது, நான் மறைக்கவில்லை. மார்கழிக் கடைசியில் ஒரு விடியற்காலை காசியம்மாள் மகன் காத்தவராயன் வந்தான். பீங்கான் கம்பெனியில் அன்றுதான் அவனுக்கு முதல் நாள். பஸ் வரவில்லை. "மாமா, கொடியக் குடுங்க, நேரத்துக்குப் போவலன்னா வேற ஆள வச்சிக்குவாங்க" என்று கெஞ்சினான். இவர் கொடுத்தார். "நடுத் தண்டவாளத்துல நில்லுடா, அப்பதான் நிப்பாங்க" என்று சொல்லியும் அனுப்பினார்.

அன்றைக்கு எதிரே மாடு நின்றாலும் தெரியாத பனி. பனியில் கொடி செல்லாது, தண்டவாளத்தில் வெடி வைத்து, சக்கரம் ஏறி அது வெடிக்கும் சத்தத்தில்தான் டிரைவருக்குச் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தானே இவரைப் பழக்கினீர்கள்? பத்து மார்கழி தன் கையால் வெடி வைத்தவர் அய்யா! அன்று அந்த நினைப்பே வரவில்லை. வண்டிச் சத்தம் கேட்டும் அந்தப் பிள்ளை நகரவில்லை, நிற்கும் என்று நம்பிவிட்டான். வண்டி அடித்து அந்த இடத்திலேயே போய்விட்டான். டிரைவர் மேல் குற்றமில்லை.

காசியம்மாள் மண்ணை வாரித் தூற்றவில்லை. "நீங்க சொன்னதத்தான செஞ்சான் எம்புள்ள" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இவர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. விடிந்தால் ஸ்டேஷனுக்கு நடக்கிறார். நானும் பின்னாலேயே ஓடி, பாசஞ்சர் போகும் வரை இவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நேற்று ஒருமுறை திமிறினார். இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

நீங்கள் சொன்னால்தான் கேட்பார். தப்பு இல்லை என்று பொய் எழுத வேண்டாம், நம்ப மாட்டார். பழையபடி "டேய் கலியா" என்று நன்றாகத் திட்டுங்கள். திட்டிவிட்டு, வண்டி நேரத்தில் வீட்டில் இருந்து பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டூட்டி போடுவது போல ஒரு உத்தரவு போடுங்கள். உங்கள் உத்தரவை இவர் ஒருநாளும் மீறியதில்லை.

உங்கள் தொழுகையில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் இங்கே வந்து சேர நாலு நாள் ஆகும். திட்டு பிறகு வரட்டும், உத்தரவை மட்டும் தந்தியில் அடித்துவிடுங்கள் அய்யா.

இப்படிக்கு,
அமிர்தம்